தேம்ஸ் கரையில் அவே மேட்ச்: கிராவன் காட்டேஜுக்குப் போய்வரும் வழி

லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் கிராவன் காட்டேஜ் மைதானத்துக்கு வெளியூர் அணி ரசிகராக (‘அவே’ ரசிகராக) போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மைதான வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும் ரயில் எதுவும் கிடையாது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் கால் மணி நேரமாவது நடக்க வேண்டும். அந்த நடைக்கு நேரம் ஒதுக்கி வந்தவர்களுக்கு இங்கிலாந்தில் இதைவிட இதமான அவே பயணம் கிடைப்பது கடினம். ஒதுக்காதவர்கள் தவறான ஸ்டேஷனில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து ஓடி, முதல் பத்து நிமிட ஆட்டத்தை விட்டுவிட்டு உள்ளே வருவார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1780-இல் கிராவன் பிரபு இங்கே ஆற்றோரம் ஒரு குடில் கட்டினார். மைதானத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. அந்தக் குடில் 1888-இல் எரிந்துபோனது. ஃபுல்ஹாம் அணி இங்கே ஆட வந்தது 1896-இல். இன்று மைதானத்தின் மூலையில் நிற்கும் ‘காட்டேஜ்’ கட்டடமும், ஸ்டீவனேஜ் ரோடு ஓரமாகச் செங்கல் முகப்போடு நீளும் பார்வையாளர் ஸ்டாண்டும் 1905-இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்தவை. இரண்டும் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். பெயரை ‘ஃபுல்ஹாம்’ என்று நாம் எழுதினாலும் அங்கே ‘ஃபுல்லம்’ என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது அப்படியே சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

டிக்கெட்

வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டை ஃபுல்ஹாம் விற்பதில்லை. உங்கள் அணியின் கிளப்தான் விற்கும். பிரீமியர் லீக் விதிப்படி வெளியூர் அணிக்கு 3,000 இடம், அல்லது மைதானம் சிறியதாக இருந்தால் மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். கிராவன் காட்டேஜின் கொள்ளளவு 30,000-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 3,000-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். பெரிய கிளப்புகளில் இதற்கு முன் எத்தனை அவே மேட்ச் போயிருக்கிறீர்கள் என்பதைப் புள்ளிகளாக வைத்துத்தான் விற்பனை நடக்கும். லண்டன் மேட்ச் என்றால் போட்டி இன்னும் அதிகம். உறுப்பினர் அட்டை இருந்தாலே கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். உங்கள் கிளப்பின் விற்பனை அறிவிப்பில் எந்தத் தேதிக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து, அந்த நேரத்தில் தயாராக இருங்கள்.

விலை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. ஃபுல்ஹாமின் உள்ளூர் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சலுகை என்று தெரியும். ரசிகர் அமைப்புகள் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது இது. அதை மதித்து, போக முடியாவிட்டால் உங்கள் கிளப் வழியாகவே திருப்பிக் கொடுங்கள். தெருவில் நின்று கால்பந்து டிக்கெட் விற்பது இங்கே 1994 சட்டப்படி குற்றம். வாங்குகிறவருக்கும் பாதுகாப்பில்லை: போலி டிக்கெட்டாக இருந்தால் வாசலில்தான் தெரியவரும்.

வெளியூர் டிக்கெட் கிடைக்கவில்லை என்று உள்ளூர்ப் பகுதியில் டிக்கெட் வாங்கிப் போவது பலர் செய்யும் தவறு. உங்கள் அணி கோல் அடிக்கும்போது கை தானாக மேலே போகும். அடுத்த நிமிடம் ஸ்டூவர்ட் (மைதானத்தில் கூட்டத்தைக் கவனிக்கும் பணியாளர்) வந்து வெளியே கூட்டிப்போவார். பணம் திரும்ப வராது. ஃபுல்ஹாம் ரசிகர்கள் பொதுவாகச் சாதுவானவர்கள்தான், ஆனால் இந்த விதியில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ரயில் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அட்டவணையில் சனிக்கிழமை மாலை 3 மணி என்று போட்டிருக்கும் ஆட்டம் தொலைக்காட்சிக்காக வெள்ளி இரவுக்கோ, ஞாயிறு மதியத்துக்கோ, திங்கள் இரவுக்கோ மாறலாம். அந்த மாதத்தின் தொலைக்காட்சித் தேர்வு அறிவிக்கப்பட்ட பிறகு வாங்குங்கள். மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஆட்டம் மாறியதும் பணத்தைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

எந்த ஸ்டேஷன்?

பட்னி பிரிட்ஜ். இதுதான் விடை. ‘டியூப்’ எனப்படும் லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில், விம்பிள்டன் கிளையில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ‘ஃபுல்ஹாம் பிராட்வே’யில் இறங்கிவிடாதீர்கள். அது பட்னி பிரிட்ஜுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே வந்துவிடும். வெளியே வந்து பார்த்தால் செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம் நிற்கும். இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜை முதலில் ஃபுல்ஹாமுக்குத்தான் கொடுக்க முன்வந்தார்கள். ஃபுல்ஹாம் வேண்டாம் என்றதால் 1905-இல் அங்கே செல்சி என்ற புது கிளப்பே பிறந்தது. அங்கே தவறி இறங்கிவிட்டால் பதற்றம் வேண்டாம். அதே பிளாட்ஃபாரத்தில் அடுத்த விம்பிள்டன் ரயிலைப் பிடியுங்கள். அடுத்தது பார்சன்ஸ் கிரீன், அதற்கடுத்தது பட்னி பிரிட்ஜ்.

லண்டனில் எங்கே வந்து இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்:

யூஸ்டன் (மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்ஹாமிலிருந்து வருகிறவர்கள்): விக்டோரியா லைனில் விக்டோரியா வரை போய், அங்கே டிஸ்ட்ரிக்ட் லைன் மேற்குத் திசை ரயிலுக்கு மாறுங்கள்.

கிங்ஸ் கிராஸ் (நியூகாசில், லீட்ஸ்): பிக்காடில்லி லைனில் நேராக எர்ல்ஸ் கோர்ட், அங்கே டிஸ்ட்ரிக்ட்.

பேடிங்டன்: எட்ஜ்வேர் ரோட்டிலிருந்து விம்பிள்டன் போகும் டிஸ்ட்ரிக்ட் ரயில் இங்கே நிற்கும். மாறவே வேண்டாம், பட்னி பிரிட்ஜ் வரை ஒரே ரயில்.

வாட்டர்லூ, அல்லது தெற்கிலிருந்து கிளாப்பம் ஜங்ஷன் வழியாக வருகிறவர்கள்: டியூபை மறந்துவிட்டு ரயிலிலேயே பட்னி ஸ்டேஷனுக்குப் போங்கள். கிளாப்பம் ஜங்ஷனிலிருந்து இரண்டாவது நிறுத்தம். பட்னி ஆற்றின் தென்கரை. அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால், பட்னி பிரிட்ஜில் இறங்கியவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். மொத்தம் 25 நிமிட நடை.

எர்ல்ஸ் கோர்ட்டில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். மேற்கே போகும் டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் 3, 4 பிளாட்ஃபாரங்களில் வரும். ரிச்மண்ட், ஈலிங் பிராட்வே, விம்பிள்டன் என மூன்று ஊருக்கும் அங்கிருந்துதான் ரயில். பிளாட்ஃபாரத்துக்கு மேலே பழைய பாணியில் ஒரு விளக்குப் பெட்டி தொங்கும். அதில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும், வரப்போகும் ரயிலின் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஒளிரும். ‘விம்பிள்டன்’ பக்கம் அம்பு எரிந்தால் ஏறுங்கள். கூட்டம் ஏறுகிறதே என்று பின்னால் ஏறினால் ஈலிங் போய்ச் சேர்வீர்கள்.

ஈஸ்ட் ஹாம் பக்கமிருந்து வரும் நம்மவர்களுக்கும் இதே டிஸ்ட்ரிக்ட் லைன்தான். விம்பிள்டன் என்று போடாத ரயிலில் ஏறியிருந்தால் எர்ல்ஸ் கோர்ட்டில் மாறிக்கொள்ளுங்கள். டூட்டிங்கில் இருப்பவர்களுக்கு 270-ஆம் எண் பஸ் பட்னி பாலம் வரை வரும்.

மாடிப்படி ஏறி இறங்கச் சிரமப்படுகிறவர்கள் ஹேமர்ஸ்மித்தில் இறங்குவது நல்லது. அங்கே லிஃப்ட் இருக்கிறது. வெளியே 220-ஆம் எண் பஸ் ஏறினால் ஃபுல்ஹாம் பேலஸ் ரோடு வழியாகப் போகும். மைதானத்துக்கு நேரான நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றுப் பக்கம் திரும்பும் குறுக்குத் தெரு ஒன்றில் நடந்தால் ஸ்டீவனேஜ் ரோடு வந்துவிடும். ஆனால் மேட்ச் நாளில் ஃபுல்ஹாம் பேலஸ் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பஸ்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். வங்கி அட்டை, ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை, போன் மூன்றில் எதைத் தொட்டும் போகலாம். டியூபில் உள்ளே போகும்போது எதைத் தொட்டீர்களோ வெளியே வரும்போதும் அதையேதான் தொட வேண்டும். போனில் இருப்பதும் சட்டைப்பையில் இருப்பதும் ஒரே வங்கியின் ஒரே கணக்காக இருந்தாலும், இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு அட்டைகள். ஒன்றால் நுழைந்து மற்றதால் வெளியேறினால் இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள்.

வார இறுதியில் டிஸ்ட்ரிக்ட் லைன் பராமரிப்புக்காக மூடப்படுவது சாதாரணம். வியாழக்கிழமையே லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் வாட்டர்லூ–பட்னி ரயில்தான் உங்கள் வழி.

பாலத்திலிருந்து மைதானம் வரை

பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆற்றுப் பாலத்தை நோக்கி நடங்கள். ‘எய்ட் பெல்ஸ்’ என்ற சின்ன பப் வரும். வெளியூர் ரசிகர்கள் கூடும் வழக்கமான இடம் அது. இடம் சிறியது என்பதால் மேட்சுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வாசல் வரை கூட்டம் நிற்கும். பாலத்துக்குப் போகும் பெருஞ்சாலையைச் சிக்னலில் கடந்ததும் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். பாலத்தின் அக்கரையில் செயின்ட் மேரிஸ் தேவாலயம் நிற்பதையும் பாருங்கள். இரண்டு முனையிலும் தேவாலயம் உள்ள பாலம் இது. அக்கரைத் தேவாலயத்தில்தான் 1647-இல் குரோம்வெல்லின் படைவீரர்கள் வாக்குரிமை பற்றி விவாதித்தார்கள்.

இக்கரையில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் பக்கத்தில் ஆற்றோரமாக பிஷப்ஸ் பார்க் தொடங்குகிறது. இனி வழி தவறவே முடியாது. இடக்கைப் பக்கம் தேம்ஸ், வலக்கைப் பக்கம் பூங்கா, நடுவில் பிளேன் மரங்கள் வரிசை கட்டிய அகலமான நடைபாதை. மரங்களின் பட்டை திட்டுத்திட்டாக உரிந்து, சாம்பலும் மஞ்சளும் கலந்து தெரியும். அக்டோபர் மாதத்தில் போனால் உள்ளங்கை அகல இலைகள் காலடியில் நொறுங்கும். அக்கரையில் படகுக் கழகங்களின் கொட்டகைகள். ஆக்ஸ்ஃபோர்ட்–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி பட்னி பாலத்துக்கு அருகில்தான் தொடங்கி, இந்த மைதானத்தைக் கடந்து மார்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர் போகும். சனிக்கிழமைகளில் துடுப்புக்காரர்கள் பயிற்சி செய்வதை நடந்தபடியே பார்க்கலாம்.

இங்கே தேம்ஸ் கடல் ஏற்றவற்றத்துக்குக் கட்டுப்பட்ட ஆறு. போகும்போது சேறும் கூழாங்கல்லுமாகக் கிடந்த கரை, திரும்பும்போது மதிலை முட்டும் தண்ணீராக இருக்கலாம். பூங்கா நடைபாதை உயரமான கரைச்சுவரின் மேல் இருக்கிறது, அதனால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. எதிரே பட்னி கரைச்சாலையில் கார் நிறுத்துகிறவர்களுக்குத்தான் சிக்கல். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் அந்தச் சாலைமீது தண்ணீர் ஏறிவிடும், நிறுத்திய வண்டிகள் நனையும். அங்கே எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

நேரம் இருந்தால் பூங்காவை ஒட்டியிருக்கும் ஃபுல்ஹாம் பேலஸுக்குள் போய்வாருங்கள். லண்டன் ஆயர்கள் பல நூற்றாண்டுகள், 1970-கள் வரை, குடியிருந்த மாளிகை. நுழைவு இலவசம். தோட்டம், தேநீர்க்கடை, முக்கியமாகச் சுத்தமான கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பப்பைவிட இதுதான் சரியான இடம். பெரியவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டியது.

3 மணி ஆட்டத்துக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கணக்கு இது: 12.30-க்குப் பட்னி பிரிட்ஜில் இறங்கிவிடுங்கள். சாப்பாடு, பேலஸ், பப், எதுவானாலும் 1.50-க்குள் முடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். 2.10 வாக்கில் பூங்காவின் கடைசி வந்துவிடும். உங்களுக்கு நேரே எழும் ஸ்டாண்டுதான் பட்னி எண்ட், வெளியூர் ரசிகர்களின் இடம். ஸ்டீவனேஜ் ரோட்டில் ஜானி ஹெய்ன்ஸ் சிலையைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்குப் பத்து நிமிடம் தனியாக வையுங்கள். ஃபுல்ஹாமுக்காக 658 ஆட்டம் ஆடியவர். 1961-இல் சம்பள உச்சவரம்பு நீங்கியதும், இங்கிலாந்தில் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கிய முதல் ஆட்டக்காரர். செங்கல் முகப்பு ஸ்டாண்டுக்கு இப்போது அவர் பெயர்தான். உங்கள் அணியின் ஸ்கார்ஃபோடு போய்ப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வாசலில்

டிக்கெட் போனில் வந்திருந்தால், அதை வீட்டிலேயே போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் நிற்கும்போது இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே நின்று இறக்க முயன்றால் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நம்பியிருக்காதீர்கள். போனைத் தொட்டுத் திறக்கும் வகை டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் உதவாது. நான்கு பேர் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால், முன்கூட்டியே ஆளுக்கொன்றாக மாற்றிக் கொடுங்கள். நாள் முழுக்க வழி பார்த்து, படம் எடுத்து, கடைசியில் வாசலில் போன் அணைந்துபோவதுதான் அடிக்கடி நடப்பது. சின்ன பவர்பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

பை என்றால் ஏ4 தாளைவிடச் சிறியதாக இருக்கட்டும். ரயிலிலிருந்து நேரே முதுகுப்பையோடு வருகிறவர்கள், அதை லண்டனின் பெரிய ரயில் நிலையத்திலேயே கட்டணம் கட்டி வைத்துவிட்டு வர வேண்டும். மைதானத்தில் வைக்க இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடிப் பாட்டில், டின், புகைவெடி எதுவும் கூடாது. புகைவெடியோடு பிடிபட்டால் வழக்குதான், எச்சரித்து விடுவதெல்லாம் இல்லை.

மதுவைப் பற்றி 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ரசிகர்களை ஏற்றிவரும் கோச் பஸ்ஸில் மது இருக்கக் கூடாது. போதையில் மைதானத்துக்குள் நுழைய முயல்வதே குற்றம். உள்ளே விற்பார்கள், ஆனால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது. பீர் கோப்பையோடு இருக்கைக்கு நடக்கிறவரை ஸ்டூவர்ட் படிக்கட்டிலேயே நிறுத்துவது இதனால்தான்.

உள்ளே

பட்னி எண்டில் வெளியூர் ரசிகர்களோடு உள்ளூர் ரசிகர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. நடுவில் ஸ்டூவர்டுகள் நிற்பார்கள். டிக்கெட்டில் உள்ள பிளாக் எண்ணைப் பார்த்து, சரியான படிக்கட்டில் ஏறுங்கள்.

வடக்கைப் பார்த்து உட்காருவீர்கள். இடப்பக்கம் புதிய ரிவர்சைட் ஸ்டாண்ட். 2019-இல் பழையதை இடித்துவிட்டு, ஆற்றின் விளிம்புவரை நீட்டிக் கட்டியது. வலப்பக்கம் 1905-இன் ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்ட், மேல் அடுக்கில் இன்னும் மர இருக்கைகள். எதிரே ஹேமர்ஸ்மித் எண்ட், சத்தமான உள்ளூர் ரசிகர்கள் அங்கேதான். உங்கள் வலப்பக்க மூலையில் வெள்ளைப் பால்கனியோடு நிற்கிறதே, அதுதான் காட்டேஜ். மற்ற மைதானங்களில் ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டுக்கு நேரே உள்ள சுரங்க வழியில் வருவார்கள். இங்கே உடைமாற்றும் அறைகள் காட்டேஜுக்குள் இருப்பதால் மூலையிலிருந்து நடந்து வருவார்கள். அதாவது, உங்கள் அணி உங்களுக்குப் பக்கத்திலேயே களத்தில் இறங்கும். ஆட்டம் தொடங்கப் பதினைந்து நிமிடம் முன்பே இருக்கையில் இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபுல்ஹாம் வழக்கமாக இரண்டாம் பாதியில் ஹேமர்ஸ்மித் எண்டை நோக்கி ஆட விரும்பும். அப்படி அமைந்தால் உங்கள் அணியின் கடைசி நாற்பத்தைந்து நிமிடத் தாக்குதல் முழுக்க உங்கள் கண்முன்னே நடக்கும்.

கூரை இருக்கிறது, ஆனால் ஆற்றுக்காற்று சாரலை உள்ளே தள்ளும். முன் வரிசைகள் நனையும். கூரையைத் தாங்கும் தூண்களும் உண்டு. உங்கள் கிளப் இருக்கையைத் தேர்ந்தெடுக்க விட்டால் தூண் மறைக்காத இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, ஊரில் வெயிலாக இருந்தாலும் இங்கே ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். கையுறை, கம்பளித் தொப்பி, தடித்த காலுறை. ஒன்றே முக்கால் மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்கும்போது குளிர் ஏறுவது கால்வழியாகத்தான். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

நிற்கும்போது என்றோம். இருக்கை இருந்தாலும் வெளியூர் ரசிகர்கள் பெரும்பாலும் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். குழந்தையோடு வருகிறவர்களும், நிற்க முடியாத பெரியவர்களும் டிக்கெட் வாங்கும்போதே கிளப்பிடம் சொல்லிக் கீழ் வரிசை கேளுங்கள். அன்றைக்கு வந்து கேட்டால் ஸ்டூவர்டால் ஒன்றும் செய்ய முடியாது. சக்கர நாற்காலி இடங்கள் மிகக் குறைவு, அதற்கும் கிளப்பின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவை வாரக்கணக்கில் முன்னதாகவே அணுகுங்கள்.

இடைவேளையில் கழிப்பறை வரிசையும் உணவு வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னால் இடம் குறுகல். 40-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர் முடிந்ததும் நழுவினால் தப்பிக்கலாம். அல்லது இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போங்கள். பணம் அட்டையில் செலுத்தத் தயாராக இருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வெளியிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

கோல் விழுந்த உற்சாகத்தில் ஆடுகளத்தில் இறங்கிவிடாதீர்கள். 1991 சட்டப்படி அது குற்றம். தண்டனையோடு குறைந்தது மூன்று ஆண்டுக்கு எந்த மைதானத்துக்கும் போக முடியாதபடி தடை உத்தரவும் வரலாம். இறந்தவர்களையும் விபத்துகளையும் வைத்துப் பாடும் பாட்டுகளுக்கும் இப்போது நடவடிக்கை எடுக்கிறார்கள். நம் பக்கத்தில் யாராவது தொடங்கினால் கூடப் பாடாமல் இருங்கள்.

கார்

கூடுமானவரை வேண்டாம். மைதானத்தைச் சுற்றியுள்ளவை வீட்டுத் தெருக்கள். மேட்ச் நாளில் குடியிருப்போருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரலாம். தெருமுனைப் பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் அபராதம் டிக்கெட் விலையைத் தாண்டும். லண்டன் முழுக்க 2023 ஆகஸ்ட் முதல் புகை மாசுக் கட்டணம் அமலில் இருக்கிறது. பழைய வண்டி என்றால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. டிஸ்ட்ரிக்ட் லைனின் தெற்கு முனையான விம்பிள்டனுக்கு அருகில் நிறுத்திவிட்டு டியூபில் வருவது நடைமுறைக்கு ஒத்துவரும். உங்கள் கிளப்பின் ரசிகர் கோச் கிடைத்தால் அதைவிட நல்லது.

திரும்பும் வழி

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குத்தான் போவார்கள். அது சின்ன ஸ்டேஷன், படிக்கட்டு குறுகல். போலீஸார் வாசலில் நிறுத்தித் தவணை தவணையாக உள்ளே விடுவார்கள். அரை மணி நேரம் நிற்க நேரலாம். 3 மணி ஆட்டம் 4.55 வாக்கில் முடியும். யூஸ்டனில் 5.40-க்கு ரயில் என்று பதிவு செய்திருந்தால் அது நிச்சயம் போய்விடும். நீண்ட தூரம் போகிறவர்கள் இறுதி விசிலுக்கும் ரயிலுக்கும் இடையே இரண்டு மணி நேரம் வையுங்கள்.

டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியே வரும்போது பூங்கா நன்றாக இருட்டியிருக்கும். ஸ்டூவர்டுகள் பூங்கா வழியைத் திறந்துவிட்டிருந்தால் கூட்டத்தோடு போங்கள். மூடியிருந்தால் ஸ்டீவனேஜ் ரோட்டிலிருந்து ஏதாவது குறுக்குத் தெருவில் ஏறி ஃபுல்ஹாம் பேலஸ் ரோட்டை அடைந்து, வலப்பக்கம் திரும்பி நேரே நடந்தால் பாலம் வரும். இரவு ஆட்டம் என்றால் இந்த வழியை முன்பே வரைபடத்தில் பார்த்து வையுங்கள்.

பாலத்தருகே வந்ததும் ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பாருங்கள். வரிசை தெருவுக்கு வந்திருந்தால் நிற்காதீர்கள், பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடந்துவிடுங்கள். ஐந்து நிமிடம். பட்னி ஹை ஸ்ட்ரீட்டில் மேடேறி இன்னொரு பத்து நிமிடம் நடந்தால் பட்னி ரயில் ஸ்டேஷன், வாட்டர்லூவுக்கு நேர் ரயில். விம்பிள்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஈஸ்ட் பட்னி டியூப் ஸ்டேஷனும் அங்கே அருகில்தான். அவசரமில்லாதவர்கள் ஹை ஸ்ட்ரீட்டில் சாப்பிடலாம், அல்லது ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ‘டியூக்ஸ் ஹெட்’ பப்பில் உட்காரலாம். ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்டால் பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனிலேயே வரிசை கரைந்து, ரயிலில் உட்காரவும் இடம் கிடைக்கும்.